பதினோரு விசில்

மார்ச் 4, செவ்வாய்

புதிய பேனாவுக்கு இன்று மை நிரப்பினேன். பழையது கசிந்ததில் ஆள்காட்டி விரலின் நீலம் மூன்று நாளாகப் போகவில்லை.

அமைப்பில் நான் தன்னார்வப் பணி தொடங்கி இன்றோடு ஏழு மாதங்கள் நிறைவடைகின்றன. நகலகத்துக்கு மேலே, மாடியில், மூன்று அறைகள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. அடி தாங்காமல் வீட்டைவிட்டு வரும் பெண்களுக்கு வழி தெரிய வேண்டும். அவர்களைத் துரத்தி வருபவர்களுக்குத் தெரியக் கூடாது. அழைப்புமணி இரண்டு முறை விட்டுவிட்டு ஒலித்தால்தான் கதவைத் திறப்போம்.

அப்பெண்கள் சொல்வதைக் கேட்டு, நீதிமன்றத்துக்கு உரிய வாக்குமூலமாக எழுதித் தருவது என் பணி. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். மருந்துக் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றபோது, கல்லாவுக்கு அடியில் அகராதியை விரித்து வைத்து, ஆள் வராத நேரத்தில் கற்ற தமிழ் இது. எவரும் எனக்குக் கொடுத்ததல்ல. ஆகவே இதை நான் சற்றுப் பெருமிதத்துடன் கையாள்வதில் குற்றம் காண்பதற்கில்லை.

இன்று பத்தொன்பதாவது வாக்குமூலம் முடிந்தது. ஒருங்கிணைப்பாளர் முன்னர் செவிலியராக இருந்தவர். வயதில் என்னில் பாதி. படித்துவிட்டு, "எழுத்தம்மா, நீங்க எழுதினா அடி வாங்கினதுகூட மரியாதையா தெரியுது" என்றார்.

மகிழ்ந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்று வந்தவள் ஒரு பேக்கரியில் ரொட்டி அடுக்குபவள். முப்பது வயதிருக்கும். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். முழங்கையை மேசைமேல் வைத்து, தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

"இது அடுப்பு. இது அவரு. இதுவும் அடுப்பு. இது அவரு."

கடையில் சரக்கைத் தரம் பிரிப்பதுபோல் பிரித்தாள். பிப்ரவரி 27 அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

"அன்னைக்கு குக்கர் வெச்சிருந்தேன்மா. மூணு விசிலுக்கு எறக்கணும். ரெண்டு வந்துச்சு. மூணாவது வர்றதுக்குள்ள அவரு உள்ள வந்துட்டாரு. அப்புறம் யாரு அணைக்கிறது? அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் கீழ கெடந்து எண்ணிக்கிட்டு இருந்தேன். எண்ணலேன்னா மயங்கிடுவேனோன்னு பயம். பதினொண்ணு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் தண்ணி வத்தி, கருகின வாசனை."

பென்சிலால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு யோசித்தேன். குக்கர், விசில், கருகல் ஆகியவை அடுக்களைச் செய்திகள். நீதிபதியின் முன் வைக்கப்படும் ஓர் ஆவணத்தில் இவற்றுக்கு இடமில்லை. அவ்வரிகளை அளவுகோல் வைத்து அடித்தேன். அவற்றின் இடத்தில் பின்வருமாறு எழுதினேன்: "மேற்படி நாளன்று மாலை, நியாயமான காரணம் எதுவுமின்றி எதிர்மனுதாரரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, சொல்லொணாத் துயரத்திற்கு ஆளாக்கப்பட்டேன்."

படித்துக் காட்டினேன். இரு உள்ளங்கைகளையும் மடியில் வைத்துக் கேட்டாள்.

"இது நானாம்மா?"

"நீதான்."

"யாரோ படிச்ச பொண்ணுக்கு நடந்த மாதிரி இருக்கு."

அவ்வாறு தோன்றுவது அவளுக்கு நல்லதென்றேன். கையொப்பமிட்டாள்.

அவள் வேண்டுவது ஒரு பாதுகாப்பு ஆணை. கணவன் அவளையும், ஏழு வயது மகளையும், மகளின் பள்ளியையும் நெருங்கலாகாது. "பள்ளிக்கூட வாசல்ல வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா யாரு கேப்பாங்க? அப்பாதானேன்னு அனுப்பிடுவாங்க. இந்தக் காகிதம் ஒண்ணு இருந்தா வாட்ச்மேன்கிட்ட காட்டலாம்ல?"

விசாரணை 25ஆம் நாள்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "இன்னும் அங்க போய் எழுதிக்கிட்டுதான் இருக்கியா?" என்றாள். ஆம் என்றேன். "சரி" என்றாள். பிறகு என் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம்.

மார்ச் 14, வெள்ளி

பேக்கரிப் பெண்ணும் மகளும் தங்கியிருக்கும் விடுதிக்குச் சென்றேன். அதன் முகவரியை நாட்குறிப்பில்கூட எழுதலாகாது என்பது விதி, எழுதவில்லை.

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. வரைந்துகொண்டிருந்த சிறுமி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். காதில் விரல். உதடுகள் அசைந்தன.

"எண்ணுறா" என்றாள் தாய்.

இனி பாத்திரத்திலேயே வேகவைப்பதாகச் சமையல்கார அம்மா சொன்னார். "ஒரு வாண்டுக்காக நாம எல்லாரும் ஒரு மணி நேரம் வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காரணுமா?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். முணுமுணுத்தவளே எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

சிறுமியின் அச்சத்திற்குக் காரணம் எனக்குத் தெரியும். அதை எழுதுவதற்கு ஏற்ற இடம் இந்த நாட்குறிப்பு. வாக்குமூலம் அல்ல என்றே இன்னமும் கருதுகிறேன்.

மார்ச் 25, செவ்வாய்

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குரலை உயர்த்தாதவர். அவளிடம், அன்று நடந்ததைச் சொந்த வாயால் சொல்லுமாறு கேட்டார். அவள் சொன்னாள். குக்கரிலிருந்து தொடங்கினாள்.

அவர் வாக்குமூலத்தைப் புரட்டினார். பொறுமையாக, இரண்டு பக்கமும்.

"இதுல குக்கர் எங்கம்மா இருக்கு?"

"சொன்னேன் சார். எழுதும்போது சொன்னேன்."

"எழுதினத உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா?"

"காட்டினாங்க."

"கையெழுத்து உங்களோடதுதானே? அப்போ குக்கர் இல்லையேன்னு ஏன் கேக்கல?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அவங்க படிச்சவங்க சார். தெரிஞ்சுதான் விட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

பிறகு அவர் வேறு இரண்டு வாக்குமூலங்களை எடுத்தார். கடந்த ஆண்டு இதே அமைப்பிலிருந்து வந்தவை. அவ்வழக்குகளிலும் எதிர்த்தரப்பு அவரே. மூன்றிலிருந்தும் ஒரே வாக்கியத்தைப் படித்தார். நியாயமான காரணம் எதுவுமின்றி. கொடூரமாக. சொல்லொணாத் துயரம். எழுத்துக்கூட மாறாமல் மூன்று முறை.

"மூணு வீடு, மூணு புருஷன், ஒரே வாக்கியம். துயரத்த அச்சடிச்சு வெச்சிருக்காங்க போலிருக்கு."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

குக்கர் கதை இன்று புதிதாகச் சேர்க்கப்பட்டது என்றார். தழும்புகள் பேக்கரி அடுப்பில் பட்டவையாக இருக்கலாம் என்றார். நீதிபதி பெண்மணிதான். கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டு, இடைக்கால ஆணைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார். அடுத்த விசாரணை ஜூன் மாதம்.

படியிறங்கும்போது ஒருங்கிணைப்பாளர் என் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

மார்ச் 26, புதன்

போச்சு. நான் எழுதினதாலதான் போச்சு. அவ என்னைப் பாத்தாளே — அதுல கோபம்கூட இல்ல.

மார்ச் 28, வெள்ளி

அவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

விடுதி வாசலில் நின்று நான் என்னென்னவோ சொன்னேன். ஜூன் என்றேன். பொறுமை என்றேன்.

"ஜூன் வரைக்கும் தினமும் பள்ளிக்கூட வாசல்ல யாரும்மா காவல் நிக்கிறது? அங்க இருந்தா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். புள்ளையாவது என் கண்ணு முன்னாடி இருப்பா."

ஒருங்கிணைப்பாளர் தடுக்கவில்லை. போகிறவர்களைத் தடுப்பதில்லை என்பதும் எங்கள் விதிதான். அமைப்பின் எண்ணை அவளுடைய கைபேசியில் "மாவு மண்டி" என்ற பெயரில் பதிந்து கொடுத்தார். பேக்கரிக்காரியின் கைபேசியில் அது யார் கண்ணையும் உறுத்தாது. சிறுமியை ஐந்து முறை அந்தப் பெயரைச் சொல்லச் சொன்னார்.

புறப்படும்போது அவள் என் கையைத் தொட்டு, "வருத்தப்படாதீங்கம்மா. நீங்க நல்லாதான் எழுதினீங்க" என்றாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

என்னுடைய இருபது வாக்குமூலங்களையும் கோப்பிலிருந்து எடுத்து வரிசையாகப் படித்தேன். பதினான்கில் சொல்லொணாத் துயரம். அவற்றில் ஒன்றை இன்னொருத்தியினுடையது என்று மாற்றி வைத்தாலும் எவராலும் கண்டுபிடிக்க இயலாது. என்னாலும்.

பிறகு பென்சில் குறிப்பேட்டைப் புரட்டினேன். மார்ச் 7. நாள் தெளிவாக இருக்கிறது. அடித்த வரிகளும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கின்றன. "மூணு விசிலுக்கு எறக்கணும்." "பதினொண்ணு." அவள் முதல் நாளே சொன்னாள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கோடு எவ்வளவு நேராக இருக்கிறது.

இதைக் காட்டினால் நான் கூண்டில் ஏற வேண்டும். ஏன் அடித்தாய் என்று கேட்பார்கள். இந்தக் குறிப்பேடு என்னிடம் இருப்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

கைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

பையில் இருந்தது. எடுக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

தங்கையிடம் சொன்னேன். யாரிடமேனும் சொல்ல வேண்டியிருந்தது. முழுவதும் கேட்டாள்.

"இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரருக்கு நீ ஒரு லெட்டர் எழுதினியே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. உடம்பெல்லாம் வீங்கி என் வாசலில் வந்து நின்றாள். நான் அவள் கணவருக்கு ஒரு கடிதம் எழுதி, அவள் கையிலேயே கொடுத்துத் திருப்பியனுப்பினேன். இல்லறம், விட்டுக்கொடுத்தல், புரிந்துணர்வு. மூன்று முறை திருத்தி எழுதிய கடிதம்.

"நான் சொன்னதுல ஒண்ணுகூட அதுல இல்ல. அவரு அத ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டினாரு, தெரியுமா உனக்கு? வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவாரு. 'என் சம்சாரத்தோட அக்கா எவ்வளவு அழகா எழுதறாங்க பாருங்க.' அடுத்த அடி அந்த ஃப்ரேமுக்குக் கீழதான் விழுந்துச்சு."

தெரியாது என்றேன்.

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும்" என்றாள். அழவில்லை. அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒருங்கிணைப்பாளருக்குப் பல்வலி. கன்னத்தில் பனிக்கட்டிப் பொட்டலத்துடன் அமர்ந்திருந்தார். அந்நிலையில் அவரைத் தொந்தரவு செய்வது முறையாகாதென்று

இல்லை. பயந்தேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்று மாலை அமைப்பின் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு. சின்னக் குரல். "மாவு மண்டியா?" என்று கேட்டிருக்கிறாள். "அம்மா எந்திரிக்கல. நான் நூறு வரைக்கும் எண்ணிட்டேன்."

உயிர் இருக்கிறது. இடது செவிப்பறை கிழிந்துவிட்டது. அந்தக் காதில் இனிக் கேட்பது கடினம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கணவன் தலைமறைவு. சிறுமி விடுதியில் இருக்கிறாள்.

நான் இன்று குறிப்பேட்டை எடுத்து ஒருங்கிணைப்பாளரின் மேசைமேல் வைத்தேன். அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தார். இரண்டு முறை.

"இது எப்போ உங்க கண்ல பட்டுச்சு?"

"ஒன்றாம் தேதி."

"இன்னைக்குப் பத்து."

அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, நெடுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். பிறகு, "பதினோரு விசில் அடிச்சிருந்தா அக்கம்பக்கத்துல கேட்டிருக்கும்ல? கீழ் வீட்ல யாரு இருக்காங்க?" என்றார்.

முதல் நாளே எழுதியிருந்தால், முதல் நாளே எவரேனும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அந்தக் குடியிருப்புக்கு நானும் ஒருங்கிணைப்பாளரும் சென்றோம். கீழ் வீட்டில் தனியாக வசிப்பவர் ஓய்வுபெற்ற நில அளவையர். அவரைப் பற்றிக் கேட்டதும் காவலாளி சிரித்தார்.

"அவரா? புகார் புத்தகமே அவருக்காக வாங்கினதுதான். கொசு கடிச்சாக்கூட எழுதி வெப்பாரு."

புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். குழாய்ச் சொட்டு, படிக்கட்டில் செருப்பு, பூனை. அவற்றுக்கிடையே:

"27 பிப்ரவரி. மாலை 7.10. மேல் வீட்டில் குக்கர் தொடர்ந்து பதினோரு விசில். அணைக்க ஆளில்லை. கருகல் நாற்றம். கனமான ஏதோ விழும் சத்தம் இருமுறை. நடவடிக்கை தேவை."

அடியில் காவலாளியின் கையெழுத்தில், "பார்த்தாச்சு."

என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "மேல போய் நின்னேன்மா. சத்தம் அடங்கியிருந்துச்சு. வந்துட்டேன்" என்றார்.

நில அளவையர் கதவைப் பாதி திறந்தார். "நான் கேஸ் கசிவுன்னு நெனச்சு எழுதினேன். அடுத்தவங்க குடும்ப விஷயத்துல நான் தலையிடுறதில்ல."

"விசிலை எண்ணினீர்களே."

"எண்ணினேன். எழுதினா சரியா எழுதணும்ல?"

அந்தப் பதிவு தன் கையெழுத்துதான் என்று மட்டும் நீதிமன்றத்தில் சொல்ல ஒப்புக்கொண்டார். நான்கே வரி. ஓர் அடைமொழிகூட இல்லை. வீடு திரும்பும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மருத்துவமனையில் அவளது இரண்டாவது வாக்குமூலம். வேறு யாரையேனும் அனுப்புமாறு ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லியிருந்தேன். அவள் என்னைத்தான் கேட்டாளாம். "அந்த அம்மாவுக்குப் பாதி தெரியும். மறுபடி முதல்லேருந்து சொல்ல எனக்குத் தெம்பில்ல."

வலப் பக்கம் உட்காரச் சொன்னாள். சொல்லச் சொல்ல எழுதினேன். நிறுத்தியபோது நிறுத்தினேன். முடித்ததும் படித்துக் காட்டினேன்.

"'எனக்குக் கேக்கல, எனக்குக் கேக்கல'ன்னு ரெண்டு தடவ சொன்னேன்மா. ஒரு தடவதான் போட்டிருக்கீங்க."

இன்னொரு முறை எழுதினேன்.

"இப்போ சரி" என்றாள். "இது நான்தான்."

ஏப்ரல் 29, செவ்வாய்

இரண்டாவது வாக்குமூலத்தோடு புதிய மனு கொடுத்ததால், ஜூன் விசாரணையை இன்றைக்கே முன்னதாக வைத்தார்கள். கூண்டில் ஏறினேன். அதே வழக்கறிஞர், அதே குரல். குறிப்பேட்டை என்னிடம் நீட்டினார்.

"இந்தக் கோட்டப் போட்டது யாரு?"

"நான்."

"அந்தப் பொண்ணு சொன்னத நீங்களாவே அடிச்சீங்களா?"

"ஆம்."

"ஏன்?"

பதில் ஒன்றை நேற்றே ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். ஆவணத்தின் மாண்பு, மொழியின் ஒழுங்கு என்று தொடங்குவது. அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். வலக் காதை என் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"அழகா இல்லேன்னு அடிச்சேன்" என்றேன்.

"எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது."

இம்முறையும் பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார்; சிரிப்பு நின்றது. அவர் குறிப்பேட்டை வாங்கி, புகார்ப் புத்தகத்தின் அருகில் வைத்து, இரண்டு பக்கங்களிலும் விரலை ஓட்டினார். பதினொன்று. பதினொன்று.

ஆணை கிடைத்தது. ஓராண்டுக்கு. பள்ளியும் பேக்கரியும் அதில் அடங்கும்.

வெளியே அவள் ஆணையை நான்காக மடித்தாள். "ஒரு மாசம் முன்னாடி கெடச்சிருந்தா ரெண்டு காதாலயும் கேட்டிருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்றாள். குத்திக்காட்டச் சொன்னதல்ல, அவளுக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்கிறது. நான் சிரிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். இடப் பக்கத்திலிருந்து வந்த வண்டியைச் சிறுமிதான் பார்த்து அவளை நிறுத்தினாள்.

மே 9, வெள்ளி

இரண்டு பேர் வந்தார்கள். இரண்டும் எழுதினேன். ஒன்று அறுந்த செருப்பில் தொடங்குகிறது. மற்றது தொலைக்காட்சியின் சத்தத்தில். அளவுகோலை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

மே 18, ஞாயிறு

தங்கை வந்தாள். முன்னறிவிப்பில்லை. செய்தித்தாளில் சுற்றிய ஒரு சட்டகம் கையில். சுவரில் சாய்த்து வைத்தாள், பிரிக்கவில்லை. இருவருக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும்.

"என்னோடதையும் எழுது" என்றாள்.

"எந்த நீதிமன்றத்துக்கு? அவர்தான் இல்லையே."

"எங்கயும் குடுக்கறதுக்கு இல்ல. நீ எழுதணும். அவ்வளவுதான்."

பென்சிலை எடுத்தேன். அவள் சொன்னது, சொன்னபடி:

அன்னைக்கு நல்ல வெயில். செருப்பு போடாம ஓடி வந்துட்டேன். தார் ரோடு. அக்கா வீட்டு வாசல் வந்தப்புறம்தான் கால் சுடுறதே தெரிஞ்சுச்சு. கதவ ரெண்டு தடவ தட்டினேன். அக்கா தொறந்தா. கையில அகராதி இருந்துச்சு, நடுவுல விரல வெச்சிருந்தா, பக்கம் மாறிடக் கூடாதுன்னு. என் முகத்தப் பாத்தா. உள்ள வான்னு சொல்லல.

இங்கே என் கை நின்றது. நிமிர்ந்தேன்.

"அத விட்டுடாத" என்றாள்.

விடவில்லை.